சட்டைக்கா செலவு, சின்னத்துக்கா? பள்ளிச் சீருடை குறித்த கேள்வி பதில்

பள்ளிச் சீருடை தேவைதானா, தேவையென்றால் இவ்வளவு செலவு எதற்கு என்று பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, சீருடைத் துணிக் கொள்முதலிலும் தையல் தரத்தைச் சோதிப்பதிலும் நெடுங்காலம் ஈடுபட்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சட்டை, கால்சட்டை ஆகியவற்றின் விலையைத் தனித்தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியவில்லை. ஆனாலும் பள்ளி திறக்கும் மாதத்தில் மொத்தக் கணக்கு கையைக் கடிக்கிறது. பணம் எங்கேதான் போகிறது? (இரண்டு பிள்ளைகளின் தாய்)

பதில்: ரசீதைக் கையில் எடுத்து வரி வரியாகப் பிரித்துப் பாருங்கள் அம்மா. எந்தக் கடையிலும் கிடைக்கக்கூடிய வெள்ளைச் சட்டை, ஒற்றை நிறக் கால்சட்டை, கறுப்பு ஷூ ஆகியவற்றை ஒரு பக்கம் எழுதுங்கள். பள்ளியின் சின்னம் பொறித்த, பள்ளி சுட்டிக்காட்டும் ஒரே விற்பனையாளரிடம் மட்டும் கிடைக்கிற டை, பெல்ட், ப்ளேசர், டி-ஷர்ட், கோடு போட்ட சாக்ஸ் போன்றவற்றை மறுபக்கம் எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டாம் பக்கம்தான் கனக்கும்.

இதில் விற்பவரின் பேராசை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பள்ளிக்கென்று தனிக் கட்டம் போட்ட துணி வேண்டுமானால், ஆலை குறைந்தபட்சம் இத்தனை மீட்டர் எடுத்தால்தான் நெய்து தருவேன் என்று சொல்லும். அந்தப் பள்ளிக்குத் தேவைப்படுவதோ அதைவிடக் குறைவாக இருக்கலாம். மிஞ்சிய துணியையும் விற்காமல் தங்கிய அளவுகளையும் வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதால், அந்த இழப்பையும் விற்பனையாளர் முன்கூட்டியே விலையில் ஏற்றிவிடுகிறார். இவற்றுக்கு மேல், போட்டியே இல்லாத விற்பனை என்பதால் விலையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் விளையாட்டுச் சீருடை என்றால், அதை ஆண்டில் 40 முறை அணிவார்கள். மீதி 160 நாட்களை இரண்டு வழக்கமான சீருடைகள் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஒவ்வொன்றும் 80 முறை பயன்படும். இரண்டும் ஒரே விலையாக இருந்தாலும், ஒருமுறை அணிவதற்கு ஆகும் செலவில் விளையாட்டுச் சீருடை இரண்டு மடங்காகிவிடுகிறது. இதோடு அணிக்கு ஒரு நிறம், விழாவுக்கு ஒரு ப்ளேசர் என்று சேரச் சேர, பிள்ளை வளர்ந்துவிடும் முன் பாதிகூடத் தேயாத உடைகள் அலமாரியில் குவியும். ஆகவே சீருடையின் விலையைக் கேட்பதற்கு முன், எத்தனை வகைச் சீருடை என்று கேட்பதே சரியான கேள்வி.

கேள்வி: சீருடையே இல்லாவிட்டால் நாளுக்கொரு உடை கேட்பார்கள். செலவு இன்னும் கூடாதா? (ஒரு தந்தை)

பதில்: கூடும், குறையும்; சீருடை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. எங்கும் வாங்கக்கூடிய இரு நிறச் சீருடை என்றால் சீருடையே சிக்கனம். அதில் எனக்கு ஐயமில்லை. காலையில் எதை உடுத்துவது என்ற வாக்குவாதம் இல்லாமல் போவதும் சிறிய லாபமன்று. ஆனால், மாலையிலும் விடுமுறையிலும் அணியச் சாதாரண உடைகள் எப்படியும் வேண்டும் என்பதை மறந்துவிட்டு, அந்தச் செலவு முழுவதையும் சீருடை மிச்சப்படுத்துவதாகக் கணக்குக் காட்டுவது சரியன்று. சின்னம் பொறித்த உருப்படிகள் நான்கைந்து சேர்ந்துவிட்டால் சிக்கனம் என்ற வாதமே அடிபட்டுப் போகிறது.

கேள்வி: சீருடை அணிந்த பள்ளிகளில் ஒழுக்கமும் மதிப்பெண்ணும் உயர்கின்றன என்பதை என் பணிக்காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். ஆய்வுகள் இதை உறுதிப்படுத்துகின்றனவா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, இந்த நம்பிக்கை பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லாங் பீச் கல்வி மாவட்டம் 1994-இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் சீருடையைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு அங்கே பள்ளிக் குற்றங்கள் பெருமளவு குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. 1996-இல் அதிபர் கிளின்டன் நாடாளுமன்ற உரையிலேயே சீருடையை ஆதரித்துப் பேச, கருத்து வேகமாகப் பரவியது. ஆனால் அதே காலத்தில் அந்த மாவட்டத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன. குற்றம் குறைந்ததற்குச் சட்டையே காரணம் என்று பிரித்தெடுத்துச் சொல்ல வழியில்லை.

சமூகவியலாளர்கள் டேவிட் பிரன்ஸ்மா, கெர்ரி ஆன் ராக்மோர் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, பத்தாம் வகுப்பு மாணவர்களின் தரவுகளை ஆராய்ந்து, வருகையிலோ நடத்தையிலோ போதைப் பழக்கத்திலோ சீருடையால் நேரடி விளைவு இல்லை என்று கண்டது. மதிப்பெண் உயர்ந்ததற்கும் சான்று இல்லை. 2021-இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆர்யா அன்சாரி குழுவினர் சிறு வயதுப் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்விலும் நடத்தையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் மட்டும் வருகை சற்றே கூடியிருந்தது.

சீருடை அணிந்த பள்ளி ஒழுங்காக இருக்கிறது என்று நீங்கள் கண்டது பொய்யன்று. ஒழுங்கில் அக்கறையுள்ள நிர்வாகம் சீருடையிலும் அக்கறை காட்டும். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வருவதால் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியதாகத் தோன்றுகிறது. வெளியாளை வளாகத்தில் எளிதில் அடையாளம் காணலாம், சுற்றுலாவில் பிள்ளைகளை எண்ணலாம் என்பன போன்ற நடைமுறைப் பயன்களை நான் மறுக்கவில்லை. அந்தப் பயன்களுக்கு நிறம் போதும், சின்னம் தேவையில்லை என்பதே என் வாதம்.

கேள்வி: பணக்காரர், ஏழை என்ற வேறுபாட்டைச் சீருடை மறைக்கும் என்கிறார்கள். ஆனால் ஷூவையும் பையையும் பார்த்தாலே யார் யார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடுகிறதே? (பதினோராம் வகுப்பு மாணவி)

பதில்: சரியாகச் சொன்னாய் அம்மா. மறைப்பதைவிடக் குறைக்கிறது என்று சொன்னால் பொருந்தும். புதுச் சட்டைக்கும் மூன்றாம் ஆண்டாக அணியும் சட்டைக்கும் உள்ள வேறுபாடு, எல்லாரும் ஒரே வெள்ளை அணியும்போதுதான் பளிச்சென்று தெரியும். மஞ்சள் படிந்த காலரும் நிறம் போன முழங்கைகளும் அப்போது ஒளிய இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், சீருடையின் தொடக்கமே ஏழைப் பிள்ளைகளுக்குத் தந்த இலவச உடைதான். 1552-இல் இலண்டனில் நிறுவப்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்ற அறப்பள்ளியின் நீல அங்கி, மிகப் பழைய பள்ளிச் சீருடைகளுள் ஒன்று; அது இன்றும் மாணவர்களுக்கு விலையின்றியே வழங்கப்படுகிறது. வறியவருக்கு உடுக்கக் கொடுத்தது என்ற நிலையிலிருந்து, வாங்க முடியாதவரை வாசலில் நிறுத்துவது என்ற நிலைக்குப் பல பள்ளிகள் வந்து சேர்ந்ததுதான் வருத்தத்துக்குரியது.

கேள்வி: இலவசச் சீருடை கொடுத்தால் பிள்ளைகள் உண்மையிலேயே பள்ளிக்கு வருகிறார்களா? (தன்னார்வலர்)

பதில்: கென்யாவில் குலுக்கல் முறையில் சில பிள்ளைகளுக்கு மட்டும் சீருடை கொடுத்துப் பார்த்த ஆய்வு உண்டு. டேவிட் எவன்ஸ், மைக்கேல் கிரீமர் உள்ளிட்டோர் தொடங்கிய அந்த ஆய்வில், உடை பெற்றவர்கள் பள்ளிக்கு வராமல் இருப்பது கணிசமாகக் குறைந்தது. முன்பு சீருடையே இல்லாதிருந்த பிள்ளைகளிடம் அந்த விளைவு இன்னும் கூடுதலாக இருந்தது. ஆனால் எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் முடித்த வகுப்பில் நிலையான வேறுபாடு காணப்படவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: சீருடை கட்டாயமாக உள்ள இடத்தில் அது இல்லாமை ஒரு தடை; அந்தத் தடையை நீக்கினால் பிள்ளை வருகிறது; ஆனால் வந்த பிள்ளையைத் தங்கவைக்க உடை மட்டும் போதாது. தடையை நாமே வைத்துவிட்டு அதை நீக்க நன்கொடை திரட்டுவதற்குப் பதிலாக, தடையின் உயரத்தைக் குறைப்பது எளிதல்லவா?

கேள்வி: வளரும் பிள்ளைக்கு இரண்டு அளவு பெரியதாக வாங்குவது நல்லதா? (ஒரு பாட்டி)

பதில்: சட்டையில் ஓர் அளவு பெரியது தவறில்லை, கால்சட்டையில் அளவைவிட மடிப்பைப் பாருங்கள். ஐந்து வயதிலிருந்து பூப்பு வளர்ச்சி தொடங்கும் வரை பிள்ளைகள் பொதுவாக ஆண்டுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர்வார்கள். உயரத்தில் ஏறத்தாழப் பாதி கால்களுக்குப் போவதால், கால்சட்டையின் உள்நீளம் ஆண்டுக்கு இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் கூட வேண்டும். கடையில் நிற்கும்போதே கால்சட்டையின் அடிப்பகுதியை உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். உள்ளே 2 சென்டிமீட்டர் மடிப்புதான் இருக்கிறது என்றால் அது ஓராண்டுக்குக்கூடத் தாங்காது. 5 அல்லது 6 சென்டிமீட்டர் விட்டுத் தைத்திருந்தால் இரண்டாண்டுக்கு அவிழ்த்து விடலாம். அப்படியே இடுப்பின் பின்புறத் தையலையும் பிரித்துவிட வசதியாக உள்ளே துணி விட்டிருக்கிறார்களா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஆயத்த ஆடைகளில் இங்கேதான் துணியை மிச்சம் பிடிப்பார்கள். மடிப்பை அவிழ்த்ததும் பழைய கோடு வெளிறித் தெரியும். அதன்மேல் அதே நிற நூலால் இரண்டு வரி தையல் ஓட்டிவிட்டால் வடிவமைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டு அளவு பெரிய உடையில் பிள்ளை ஓடியாட முடியாமல் தடுமாறும். அளவு சரியாக வரும்போது துணி வெளுத்திருக்கும்.

கேள்வி: பாலியெஸ்டர் கலந்த துணியா, முழுப் பருத்தியா? (புதிதாகத் தையற்கடை தொடங்கியவர்)

பதில்: சட்டைக்குப் பருத்தி மிகுந்த கலவை, கால்சட்டைக்கும் பாவாடைக்கும் பாலியெஸ்டர் மிகுந்த கலவை. முழுப் பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் சுருங்கும், கசங்கும். துவைக்காமல் வெட்டித் தைத்தீர்களானால் பழி உங்கள்மேல் வரும். பாலியெஸ்டர் மிகுந்த சட்டை சீக்கிரம் உலரும், வெப்பத்தில் உடலோடு ஒட்டும்.

கேள்வி: பாவாடைச் சீருடையால் பெண் பிள்ளைகள் விளையாடத் தயங்குகிறார்கள் என்பது உண்மையா? (ஒரு விளையாட்டு ஆசிரியை)

பதில்: உண்மையாக இருக்க வாய்ப்பு மிகுதி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, 135 நாடுகளைச் சேர்ந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோரின் தரவுகளைத் திரட்டியது. நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடற்செயல்பாடு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பெரும்பாலான பள்ளிகள் சீருடையைக் கட்டாயமாக்கியுள்ள நாடுகளில் அதை எட்டியவர்கள் 16 விழுக்காடு. மற்ற நாடுகளில் 19.5 விழுக்காடு. தொடக்கப் பள்ளி வயதில் ஆண், பெண் இடைவெளியும் சீருடை நாடுகளில் கூடுதலாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை என்று ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். இருந்தாலும், பாவாடையா கால்சட்டையா என்பதைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளட்டும் என்று விதியில் ஒரு வரி சேர்க்க எந்தப் பள்ளிக்கும் செலவாகாது. விளையாட்டு வகுப்புள்ள நாளில் முழு நாளும் விளையாட்டு உடையிலேயே இருக்க விட்டால், மாற்றுவதற்கான நேரமும் மிஞ்சும், கூச்சமும் குறையும்.

கேள்வி: என் மகனுக்குக் கழுத்தில் சட்டையின் லேபிளோ டையோ பட்டாலே தாங்க முடிவதில்லை. பள்ளி விதிவிலக்குத் தர மறுக்கிறது. (ஒரு தாய்)

பதில்: தொடுவுணர்வு மிகுந்த பிள்ளைகளுக்கு அது பிடிவாதமன்று, உண்மையான வேதனை. மருத்துவரிடமோ சிறப்புக் கல்வி ஆலோசகரிடமோ ஒரு கடிதம் பெற்று, டையின்றி, தையல் உறுத்தாத மென்துணியில், அதே நிறத்தில் உடுத்த அனுமதி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே மறுப்பார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி இந்த ஆண்டு சீருடையை முழுவதும் மாற்றப்போகிறது. பெற்றோர் சங்கம் என்ன கேட்கலாம்? (சங்கச் செயலாளர்)

பதில்: மாற்றத்தை எதிர்ப்பதைவிட, எப்போது, எப்படி என்று கேட்பதே பலன் தரும். பழைய உடையை இரண்டு ஆண்டுகளாவது புதியதோடு சேர்த்து அனுமதிக்கச் சொல்லுங்கள். அண்ணனின் சட்டை தம்பிக்கு வரும் வாய்ப்பு ஒரே நாளில் அறுந்துவிடக் கூடாது. விற்பனையாளரை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை ஆண்டுக்கு, பள்ளிக்கு அதில் பங்கு உண்டா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். சின்னத்தைச் சட்டையில் பின்னுவதற்குப் பதிலாகத் தனித் துணித்துண்டாகத் தரச் சொல்லுங்கள். எந்தக் கடையில் வாங்கிய சட்டையிலும் தைத்துக்கொள்ளலாம், சட்டை கிழிந்தால் பிரித்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இவை எட்டாத கோரிக்கைகள் அல்ல. இங்கிலாந்தில் 2021-இல் சீருடைச் செலவு குறித்து ஒரு சட்டமே இயற்றப்பட்டது. அதன்படி வெளியான வழிகாட்டுதல், சின்னம் பொறித்த உருப்படிகளை மிகக் குறைவாக வைத்துக்கொள்ளவும், ஒரே விற்பனையாளருடன் ஒப்பந்தம் செய்வதைத் தவிர்க்கவும், பிறர் அணிந்து விட்ட சீருடை கிடைக்க ஏற்பாடு செய்யவும் பள்ளிகளைப் பணிக்கிறது. 2024 டிசம்பரில் அங்கே அறிமுகமான மசோதா, சின்னம் பொறித்த உருப்படிகளை மூன்றாக வரம்பிட முன்மொழிந்தது. மேல்நிலைப் பள்ளியில் டையும் சேர்ந்தால் நான்கு. உங்கள் பள்ளியின் பட்டியலில் எத்தனை என்று எண்ணி, அந்த எண்ணோடு கூட்டத்துக்குப் போங்கள்.

கேள்வி: விதியைத் தளர்த்தினால் நாளடைவில் யாரும் மதிக்கமாட்டார்களே? சீருடை இல்லாமல் வரும் மாணவனை என்ன செய்வது? (ஒரு தலைமையாசிரியர்)

பதில்: வகுப்பில் உட்காரவைப்பதுதான் முதல் வேலை. பத்து வயதுப் பிள்ளை தன் சட்டையைத் தானே வாங்குவதில்லை. பெற்றோர் வாங்காத தவறுக்கு, வந்த பிள்ளையை வராததாக எழுதுவது முறையன்று. அலுவலகத்தில் சில அளவுகளில் துவைத்துத் தேய்த்த உடைகளை வைத்திருங்கள். தேவைப்படுபவருக்கு முதல் மணிக்கு முன்பே கொடுத்துவிட்டு, பெற்றோருக்கு மட்டும் தொலைபேசியில் பேசுங்கள். காலை வணக்கக் கூட்டத்தில் தனி வரிசையில் நிறுத்தும் வழக்கம் இருந்தால் அதை இந்த வாரமே கைவிட வேண்டுகிறேன்.

கேள்வி: பழைய சீருடைப் பரிமாற்ற முகாம் நடத்தினோம். நிறையத் துணி வந்தது. எடுத்துச் செல்ல யாரும் வரவில்லை. ஏன்? (ஒரு பெற்றோர்)

பதில்: 'ஏழை மாணவர்களுக்கு' என்று அறிவிப்பில் எழுதியிருப்பீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அளவு மாற்றும் நாள் என்று அறிவியுங்கள். வசதியுள்ள பெற்றோர் இரண்டு பேர் முதலில் வந்து தம் பிள்ளைக்கே எடுத்துச் செல்லட்டும். ஆண்டிறுதிப் பெற்றோர் கூட்டத்தன்றே, புதியது வாங்கும் முன், வகுப்பு வாரியாக அன்றி அளவு வாரியாக மேசைகளில் அடுக்குங்கள். பொத்தான் அறுந்தவற்றையும் ஜிப் கெட்டவற்றையும் முந்திய வாரமே சரிசெய்துவிடுங்கள், காலர் நைந்தவற்றை வைக்கவே வேண்டாம். யார் எதை எடுத்தார் என்று பதிவேடு எழுதாதீர்கள். மிஞ்சுபவற்றில் நல்லவற்றைத் தலைமையாசிரியருக்குச் சொன்ன அந்த அலுவலக அலமாரிக்கு அனுப்பிவிடலாம்.