பெக்கஓஃப சட்டியில கறி வெந்துடுச்சு, உருளைக்கிழங்கு மட்டும் ஏன் வேகல?

பெக்கஓஃபங்கறது பிரான்ஸோட கிழக்குப் பக்கம் இருக்கிற அல்சாஸ் பகுதியில, கறியும் உருளைக்கிழங்கும் மண்சட்டியில அடுக்கி ஓவன்ல வேகவைக்கிற சமையல். அந்தப் பகுதியில இருக்கிற ஸ்ட்ராஸ்பூர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அக்கா, மாமியார் வீட்டு விருந்துக்கு பெக்கஓஃப பண்ணேன். கறியை ரீஸ்லிங்ங்கற வெள்ளை ஒயின்ல ஒரு நாள் ஊறவச்சு, சட்டியோட ஃபிரிட்ஜ்ல வச்சிருந்து, அப்படியே எடுத்து ஓவன்ல 150 டிகிரில ரெண்டரை மணி நேரம் விட்டேன். கறி ஓகே, ஆனா உருளைக்கிழங்கு நறுக் நறுக்னு இருந்துச்சு, அடியில தண்ணியும் நிறைய. என்ன தப்பு? பன்றி இல்லாம, ஒயின் இல்லாம பண்ணலாமா?"

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க கைப்பக்குவத்துல குறை இல்லம்மா. உருளைக்கிழங்கோட குணமே அது. ஒயின் புளிப்பு, அதுலயும் ரீஸ்லிங் நல்ல புளிப்பு. உருளையை கெட்டியா பிடிச்சு வச்சிருக்கிறது பெக்டின், புளிப்புல அது சீக்கிரம் கரையாது. நாம புளிக்குழம்புல காயை முதல்ல வேகவச்சுட்டு அப்புறமா புளி ஊத்துறது எதுக்கு? அதே கதைதான். இதுக்கு மேல இன்னொரு விஷயமும் சேர்ந்துடுச்சு. ஃபிரிட்ஜ்ல இருந்த கனமான மண்சட்டி 150 டிகிரில சூடேறவே ரொம்ப நேரம் ஆகும், அந்த நேரம் முழுக்க உருளை 55லருந்து 70 டிகிரி வரைக்குமான இளஞ்சூட்டுலயே கிடக்கும், அந்த சூட்டுல அதுக்குள்ள இருக்கிற ஒரு என்சைம் வேலை செஞ்சு பெக்டினை இன்னும் இறுக்கிடும், அப்படி இறுகின உருளை அப்புறம் எவ்வளவு கொதிச்சாலும் லேசுல குழையாது. கறிக்கு மெதுவான சூடு நல்லது, உருளைக்கு ஆகாது. ஒரே சட்டியில ரெண்டையும் சமாளிக்கணும், அதான் இந்த சமையலோட கஷ்டம்.

அடுத்த தடவை கறியை கண்ணாடி இல்ல எவர்சில்வர் பாத்திரத்துல தனியா ஊறவைங்க, சட்டியில வேண்டாம். மாட்டுத் தோள்கறி, ஆட்டுத் தோள்கறி, பன்றிக் கழுத்துப் பக்கத்துக் கறி ஒவ்வொண்ணும் அரை கிலோ, கூட வெங்காயம், லீக், கேரட், பூண்டு, பிரிஞ்சி இலை, தைம், நாலஞ்சு ஜூனிப்பர் காய், அரை லிட்டர் ஒயின். சமைக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கறியை வெளியில எடுத்து வச்சுடுங்க. வடிச்ச ஒயினோட கால் லிட்டர் கறி ஸ்டாக் சேர்த்து பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, வெதுவெதுப்பா ஆனதும் ஊத்துங்க, ஸ்டாக் சேரும்போது புளிப்பும் குறையும், சட்டியும் சீக்கிரம் சூடேறும். உருளை ஒண்ணரை கிலோ, மாவா உடையாத சார்லாத் மாதிரி ரகம் வாங்கி அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டுங்க. அடியில உருளை, நடுவுல கறியும் காயும், மேல திரும்ப உருளை, ஒவ்வொரு அடுக்குக்கும் உப்பு மிளகு. முக்கியமா, ஒயினை சட்டி நிறைய ஊத்தாதீங்க, முக்கால்வாசி உயரம் போதும், கறியும் வெங்காயமும் தானா தண்ணி விடும். உங்களுக்கு அடியில குளம் மாதிரி நின்னதுக்கு அதான் காரணம்னு நினைக்கிறேன்.

மூடி ஓரத்துல கோதுமை மாவுல கயிறு மாதிரி உருட்டி ஒட்டணும், தம் பிரியாணிக்கு பண்றோமே அதே மாதிரி. சட்டியை சூடான ஓவன்ல நேரா வைக்காதீங்க, விரிசல் விடும். குளிர்ந்த ஓவன்ல வச்சு, அப்புறம் 180க்கு ஆன் பண்ணுங்க, சூடு ஏறினதுக்கு அப்புறம் மூணு மணி நேரம். மாவு ஒட்டிட்டா நடுவுல திறந்து பாக்க முடியாது, அதனால முதல் தடவை மாவு இல்லாம ஃபாயில் போட்டு மூடி, ரெண்டரை மணி நேரத்துல கத்தியால குத்திப் பாருங்க, உங்க ஓவனோட நேரம் உங்களுக்கு பிடிபட்டுடும்.

சட்டி வாங்கறதா இருந்தா சூஃப்லன்ஹைம் ஊர்ல செய்யற மண்சட்டி வாங்குங்க, அது ஓவனுக்குன்னே செஞ்சது. பக்கத்து ஊரு பெட்ஷ்டோர்ஃப்ல சாம்பல் நிறத்துல நீலப்பூ போட்டு ரொம்ப அழகா ஜாடி வச்சிருப்பாங்க, அது ஊறுகாய், சவுக்ரூத் (புளிக்கவச்ச முட்டைக்கோஸ்) மாதிரி சேமிச்சு வைக்கத்தான், ஓவனுக்கு ஆகாது, ஆசைப்பட்டு ஏமாந்துடாதீங்க.

பன்றி இல்லாம தாராளமா பண்ணலாம், மாடும் ஆடும் போதும், வாத்துக்கறி சேர்த்தாலும் நல்லாருக்கும். பன்றிக்கால் போடுறவங்க குழம்பு கொழகொழன்னு வரணும்னு போடுறாங்க, அதுக்கு பதிலா மாட்டுக்கால் எலும்பு ஒண்ணு அடியில வைங்க. ஒயின் விஷயத்துல மட்டும் மழுப்பாம சொல்றேன், "கொதிச்சா ஆல்கஹால் எல்லாம் போயிடும்"னு சொல்றதை நம்பாதீங்க, மாவு போட்டு மூடின சட்டியில அது எங்க போகும்? மதத்துக்காகவோ உடம்புக்காகவோ தவிர்க்கிறவங்க இருந்தா ஸ்டாக்லயே ரெண்டு ஸ்பூன் ஆப்பிள் வினிகர் விட்டு பண்ணுங்க, மணம் வேறயாத்தான் இருக்கும், ஆனா சாப்பாடு நல்ல சாப்பாடு.

உங்க மாமியாரை இதோட பேருக்கு அர்த்தம் கேட்டுப் பாருங்க. அல்சாஸ் பேச்சுல அது 'பேக்கர் அடுப்பு'. திங்கட்கிழமை துணி துவைக்கிற நாள்ல பொம்பளைங்க சட்டியை பேக்கரிக்காரர்கிட்ட குடுத்துட்டுப் போவாங்க, ரொட்டி எடுத்ததுக்கு அப்புறம் மிச்சமிருக்கிற சூட்டுல அது வெந்துக்கிட்டே இருக்கும்னு வீட்டுக்கு வீடு சொல்ற கதை. பேரு ஜெர்மன் சாயல், ஒயினும் தைமும் பிரெஞ்சு மணம். 1871ல ஜெர்மனிகிட்ட போய், 1918ல பிரான்ஸுக்குத் திரும்பி, 1940ல மறுபடி ஜெர்மன்காரங்க பிடிச்சு, போர் முடியுறப்ப திரும்பவும் பிரான்ஸுக்கே வந்த பகுதி அல்சாஸ், இந்தச் சட்டி ரெண்டு பக்கத்தையும் விடல.

சட்டியை திறக்காம அப்படியே மேஜைக்கு கொண்டு போய் எல்லார் முன்னாடியும் கத்தியால மாவை உடைங்க. அந்த மாவு சாப்பிட இல்ல. பக்கத்துல வினிகர் போட்ட பச்சை சாலட் மட்டும் போதும், வேற எதுவும் சமைக்காதீங்க.