திங்கட்கிழமை எடை

கேள்வி: ஆறு நாள் கட்டுப்பாடாக இருந்துவிட்டு ஞாயிறு மட்டும் பிரியாணி சாப்பிடுகிறேன். மறுநாள் எடை ஒரு கிலோ ஏறி நிற்கிறது. நிறுத்திவிடவா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பிரியாணியை விடுவதா? நடக்கிற காரியமா! ஒரு கிலோ கொழுப்பு சேர சுமார் 7,700 கலோரி கூடுதலாக வேண்டும். ஒரு பிளேட்டில் அவ்வளவு ஏது? சோற்றின் மாவுச்சத்து, உடல் சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜனாகத் தங்கும்போது கிராமுக்கு 3 கிராம் அளவுக்குத் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும்; உப்பு வேறு. ஏறியது பெரும்பாலும் தண்ணீர்தான். புதன்கிழமை எடை பாருங்கள், இறங்கியிருக்கும்.

ஆனால் ஒரு வேளை என்றால் ஒரு வேளைதான். என்னிடம் வருகிற பலர் பிரியாணியோடு நிற்பதில்லை. நாலு மணிக்கு பஜ்ஜி, ராத்திரி பரோட்டா சால்னா, அப்புறம் ‘இன்னைக்கு மட்டும்தானே’ என்று ஐஸ்கிரீம். ஆறு நாள் மிச்சம் பிடித்தது அங்கேதான் போகிறது. அதற்காகத் திங்கட்கிழமை பட்டினி கிடக்காதீர்கள். வழக்கமான இட்லி, சாம்பார் போதும்.