பாறசாலை வேதாகமத்தில் இல்லாத வசனம்

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்குக் களியக்காவிளை. மனைவிக்குப் பாறசாலை, மலையாளத்தில் படித்தவள். போன வாரம் குடும்ப ஜெபத்தில் 1 யோவான் 5:7 வாசித்தேன். ‘பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி’ என்ற வரி அவளுடைய சத்தியவேதபுஸ்தகத்தில் இல்லை. ஆவி, ஜலம், இரத்தம் மட்டும்தான் உண்டு. என்னிடம் உள்ள ஒரு விளக்கவுரையோ, இந்த வசனத்தை எடுத்தவர்கள் திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதை, மறுப்பவர்கள் என்கிறது. எழுதியவர் டாக்டர் பட்டம் பெற்றவர். நம்பலாமா? விசுவாசமில்லாத அறிஞர்களைப் படிக்கலாமா?

வாசகர், களியக்காவிளை

அன்புள்ள தம்பி,

இரண்டு வேதாகமங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களே, ஆராய்ச்சியில் பாதி அதுதான். எல்லையில் குடியிருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

அந்த வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் கிடையாது. லத்தீன் வழியாக வந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்ட அறிஞர் எராஸ்முஸ் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. அந்த நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட ஒரு கிரேக்கப் பிரதியைக் காட்டினார்கள், 1522இல் சேர்த்துவிட்டார். அந்த மூலத்தைப் பின்பற்றிய பழைய மொழிபெயர்ப்புகளில் எல்லாம் அது நின்றுவிட்டது, நம் தமிழ்ப் பழைய திருப்புதல் உட்பட. லூத்தர் தம் ஜெர்மன் வேதாகமத்தில் அதைச் சேர்க்கவே இல்லை. உங்கள் விளக்கவுரைக்காரர் கணக்கில் லூத்தரும் திரித்துவ மறுப்பாளர்தான்!

குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்று போதித்த ஆரியுஸோடு மல்லுக்கட்டிய கிரேக்கச் சபைப் பிதாக்கள் யாரும் இந்த வசனத்தை எடுத்துக் காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? திரித்துவ உபதேசம் இது இல்லாமலேதான் நிலைபெற்றது.

இதில் எதையும் சொல்லாமல் வாசகரைப் பயமுறுத்துகிற புத்தகத்தை நான் நல்ல ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன். வேதத்துக்கு உண்மையாயிருப்பது என்றும் சொல்லமாட்டேன். வேதத்தில் ‘எடுத்துப்போட்டால்’ என்ற எச்சரிக்கைக்கு முந்தின வசனத்திலேயே ‘கூட்டினால்’ என்றும் இருக்கிறது, வெளிப்படுத்தல் 22:18. அது வெளிப்படுத்தல் புத்தகத்தைக் குறித்துச் சொன்னது என்றாலும், வசனத்தை எடுத்துவிட்டார்கள் என்று பயமுறுத்துகிறவர்கள் பாதியைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

விசுவாசமில்லாதவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். பிரதிகளை ஆராய்ந்த அறிஞர் புரூஸ் மெட்ஸ்கர் பிரெஸ்பிட்டேரியன் போதகர். அவர் மாணவர் பார்ட் எர்மன் விசுவாசத்தை விட்டவர். புதிய ஏற்பாட்டுப் பிரதிகளைப் பற்றி மெட்ஸ்கர் எழுதிய நூலின் 4ஆம் பதிப்பை 2005இல் இருவரும் சேர்ந்தே கொண்டுவந்தார்கள். இந்த வசனம் யோவான் எழுதியதல்ல என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. பிரதிகளைக் கடந்து, அதனால் இயேசு யார் என்று எர்மன் முடிவு சொல்லும் இடத்தில் மட்டும் நான் நிதானமாகப் படிப்பேன். படிக்காமல் விடமாட்டேன்.

டாக்டர் பட்டம் இருக்கட்டும். உங்கள் விளக்கவுரையில் எராஸ்முஸ் பெயராவது வருகிறதா என்று தேடிப் பாருங்கள். அப்புறம் இன்று ராத்திரி ஜெபத்தில் மனைவியை 6ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஜலத்தையும் இரத்தத்தையும் பற்றிய பேச்சு எங்கும் அறுபடாமல் 8ஆம் வசனத்துக்குப் போவது உங்களுக்கே கேட்கும்.