ஒரே படம் ஏன் ஐந்து ஆல்பமாக உடைகிறது?

கே: ஒன்பதாயிரம் எம்பி3 பாட்டு சேர்ந்துவிட்டது. பாதிக்கு 'ட்ராக் 01' என்றுதான் பெயர். ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பெயர் வைக்க வேண்டுமா?

ப: வேண்டாம். 'மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட்' என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் 'ஸ்கேன்' அழுத்தினால் பாட்டின் தொடக்க இரண்டு நிமிட ஒலியிலிருந்து கைரேகை போல ஒன்றை எடுத்து, 'அக்கூஸ்ட்ஐடி' தரவுத்தளத்தில் தேடும். கோப்புக்குப் பெயரே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்திலிருக்கும் 'லுக்கப்' வேறு. கோப்புக்குள் ஏற்கெனவே உள்ள டேக்கை, அதாவது பாட்டின் பெயர், பாடகர், ஆல்பம் போன்ற குறிப்புகளை வைத்துத்தான் அது தேடும்.

முதலில் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள். அப்புறம் இருநூறு இருநூறாகப் போடுங்கள். ஒரே ஒலிப்பதிவு படத்தின் ஆல்பத்திலும் இருக்கும், நாலைந்து 'ஹிட்ஸ்' தொகுப்புகளிலும் இருக்கும். பிகார்ட் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். எந்த ஆல்பத்தில் போய் விழுந்தது என்று பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.

கே: ஆறு பாட்டு உள்ள ஒரே படம் என் போனில் ஐந்து ஆல்பமாகத் தெரிகிறது. ஃபோல்டர் ஒன்றுதான்!

ப: நம் சினிமாப் பாட்டுக்கே உரிய தொல்லை இது. பல பிளேயர்கள் ஃபோல்டரைப் பார்ப்பதில்லை; ஆல்பம் பெயரையும் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்'டையும் சேர்த்துப் பார்க்கின்றன. அந்த இடம் காலியாக இருந்தால் பாடகர் பெயரை எடுத்துக்கொள்ளும். பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறினால் ஆல்பமும் உடையும்.

நான் வைத்திருக்கும் முறை: ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், கம்போஸர் இரண்டிலும் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்டில் பாடகர்கள், லிரிசிஸ்டில் பாடலாசிரியர். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். ஓர் எழுத்து கூடினாலும் பிளேயருக்கு அவர் வேறு ஆள். 'எம்பி3டேக்' மென்பொருளில் எல்லாக் கோப்பையும் தேர்ந்தெடுத்து, பெயரை ஒரே ஒரு முறை அடித்துச் சேமித்தால் தீர்ந்தது.

பாடலாசிரியர் இடத்தை மட்டும் தயவுசெய்து காலியாக விடாதீர்கள். வாலி எழுதியவற்றை மட்டும் வரிசையாக ஓடவிட்டு ஒரு ராத்திரி கேட்டுப் பாருங்கள், பட்ட பாடெல்லாம் மறந்துபோகும்.

கே: தமிழில் டேக் போட்டேன். கார் ஸ்டீரியோவில் கட்டம் கட்டமாக வருகிறது.

ப: எம்பி3 கோப்பில் டேக் எழுதும் முறைக்கு 'ஐடி3' என்று பெயர். பழைய ஸ்டீரியோக்கள் பலவற்றுக்கு அதன் 2.4 பதிப்பு புரியாது. 2.3 பதிப்பில், 'யூடிஎஃப்-16' என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்துப் பாருங்கள். பிகார்ட், எம்பி3டேக் இரண்டிலும் இந்த வசதி உண்டு. அப்போதும் கட்டம் வந்தால் ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துருவே இல்லை. காருக்கான பென்டிரைவுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் தனி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஒவ்வொரு பாட்டின் பெயரோடும் ஏதோ ஓர் இணையதள முகவரி ஒட்டியிருக்கிறது.

ப: எம்பி3டேக்கில் 'ஆக்‌ஷன்ஸ்' போய், அந்த முகவரிக்குப் பதில் ஒன்றுமில்லை என்று கொடுங்கள். எத்தனை ஆயிரமானாலும் ஒரே நடையில் போய்விடும்.

கே: அப்பா கேசட்டில் பதிந்த கோயில் நாதஸ்வரக் கச்சேரியைக் கணினிக்கு மாற்றினேன். பிகார்டுக்குத் தெரியவில்லை.

ப: தெரியாது. உங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒலி அது. கையால்தான் போட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான். ஒலித்தரம் குறையாத 'ஃபிளாக்' கோப்பாகச் சேமியுங்கள், டேக்கின் கமென்ட் பகுதியில் வேண்டியதை எழுதலாம். கேசட் அட்டையில் இருப்பதை அப்படியே முதலில் ஏற்றுங்கள். அப்புறம் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓடவிடுங்கள். வாசித்தவர் யார், தவில் யார், எந்தத் திருவிழா, நடுவில் கேட்கும் குழந்தையின் அழுகை யாருடையது என்று அவர் சொல்லச் சொல்ல, நிமிடக் கணக்கோடு அடித்துக்கொள்ளுங்கள்.