கேபிள் அண்ணன் பதில்கள்

கேள்வி: சி.சி.என்.ஏ. என்ற சிஸ்கோ நெட்வொர்க் தேர்வுக்கு ‘டம்ப்’ (கசிந்த கேள்வி-பதில் தொகுப்பு) வாங்கி மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா? – ஒரு மாணவர், ஈரோடு

பதில்: பாஸ்கூட ஆகிவிடுவீர்கள் தம்பி. பிடிபட்டால் சான்றிதழ் போகும், அது தனிக் கதை. பிடிபடாவிட்டாலும் இன்டர்வியூவில் என்னைப் போல ஒருவன் எதிரே உட்கார்ந்திருப்பான். வெள்ளைத்தாளை நீட்டி நான் ஒன்றுதான் கேட்பேன்: 192.168.10.77 என்ற ஐ.பி. முகவரி, ஸ்லாஷ் 26 (அதாவது முதல் 26 பிட் நெட்வொர்க்கைக் குறிக்கும்). எந்த நெட்வொர்க்? கடைசி எண் 64-இல் தொடங்கி 127-இல் முடியும். நடுவே 62 கருவிகளுக்கு இடம். டம்ப் படித்தவர் இங்கேயே பேனா மூடியைக் கடிக்க ஆரம்பித்துவிடுவார். பழைய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று வாங்கி வீட்டில் நோண்டுங்கள். காசில்லையா, நெட்வொர்க்கைக் கணினியிலேயே பாவனையாக அமைத்துப் பார்க்கும் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம். இன்னொன்று, தேர்வில் முந்தைய கேள்விக்குத் திரும்பவே முடியாது. 120 நிமிடத்தையும் அதற்கேற்ப ஓட்டிப் பழகுங்கள்.

கேள்வி: 2021-இல் வாட்ஸ்அப் ஒரு நாள் முடங்கியதே, ஹேக்கர் வேலையா? – ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லையம்மா. அக்டோபர் 4, நம் ஊரில் இரவு 9 மணி தாண்டி. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, வாட்ஸ்அப்பின் உரிமையாளரான ஃபேஸ்புக்கின் டேட்டா சென்டர்களுக்கு இடையிலான இணைப்புகளைத் துண்டித்துவிட்டது. உடனே, தளத்தின் பெயரைக் கேட்டால் ஐ.பி. முகவரியைச் சொல்லும் அவர்களின் டி.என்.எஸ். சர்வர்களுக்குப் போகும் வழியும் இணையத்திலிருந்து மறைந்தது. வீடு இருக்கிறது, விலாசம் இல்லை! சுமார் ஆறு மணி நேரம் அப்படியே. அன்றிரவு என் அம்மா மூன்று முறை ரவுட்டரை அணைத்துப் போட்டார். நான் சொன்னதை நம்பவேயில்லை.