ஒரே லேப்டாப்ல விண்டோஸும் உபுண்டுவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார் வணக்கம், நான் காலேஜ் செகண்ட் இயர். லேப்டாப்ல விண்டோஸ் 11 இருக்கு, 512 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம். காலேஜ் லேப்ல எல்லாம் உபுண்டுதான் (லினக்ஸ்ல ஒரு வகை), அதனால வீட்லயும் டூயல் பூட் போடலாம்னு, அதாவது ரெண்டையும் வச்சு ஆன் பண்றப்ப ஒண்ணைத் தேர்ந்தெடுக்கலாம்னு பாக்குறேன். ஃப்ரெண்டு ஒருத்தன் போட்டப்ப நீலக் கலர்ல ஒரு ஸ்க்ரீன் வந்து ஏதோ கீ கேட்டுச்சு, அவன்கிட்ட கீ இல்ல, கடைசில எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணிட்டான். எனக்கு பயமா இருக்கு, போடலாமா?
(சிவகாசி வாசகர்)

பதில்: தாராளமா போடலாம் தம்பி. உங்க ஃப்ரெண்டுக்கு ஆனது லினக்ஸால வந்த பிரச்சினையே இல்ல. அது பிட்லாக்கர், டிஸ்க்ல இருக்குறதை சாவி இல்லாம படிக்க முடியாதபடி மாத்தி வைக்கிற விண்டோஸ் வசதி. இப்ப வர்ற விண்டோஸ் 11 லேப்டாப் நிறையதுல, ஹோம் எடிஷனா இருந்தாக்கூட, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு லாகின் பண்ணுன உடனே டிவைஸ் என்க்ரிப்ஷன்ங்கிற பேர்ல இது தானா ஆன் ஆயிடும், நமக்குத் தெரியவே தெரியாது. பூட் ஆகுற வழியில ஏதாவது மாறுச்சுன்னா, செக்யூர் பூட்ங்கிற (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் ஆக விடுற) செட்டிங்கை ஆஃப் பண்ணுனாலே போதும், உள்ள சாவியை வச்சிருக்குற டிபிஎம் சிப் அதைத் தராது, உடனே விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லன்னா டேட்டா போனது போனதுதான், எந்த சர்வீஸ் கடைக்காரராலயும் எடுத்துத் தர முடியாது.

அதனால டூயல் பூட்டோட முக்கால்வாசி வேலை விண்டோஸ் பக்கம்தான் இருக்கு, பென்டிரைவைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடியே. முதல்ல போட்டோ, ப்ராஜெக்ட் எல்லாத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்துருங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டி போய் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி அந்தக் கீயைப் பேப்பர்ல எழுதி வச்சுக்குங்க, அதே லேப்டாப்ல சேவ் பண்ணி வைக்காதீங்க. எழுதிட்டு என்க்ரிப்ஷனை ஆஃப் பண்ணுங்க, முடிய நேரம் எடுக்கும், சார்ஜரைப் பிடுங்காம விட்டுருங்க.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது ஆன்ல இருந்தா நீங்க ஷட்டவுன் குடுத்தாலும் விண்டோஸ் முழுசா மூடாது, பாதியைத் தூங்க வச்சுட்டுப் போகும், லினக்ஸ்ல இருந்து சி ட்ரைவைத் திறந்தா படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது. கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போய் ஆஃப் பண்ணிருங்க.

இடம் ஒதுக்குறதையும் விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மென்ட்லயே செய்ங்க. சி ட்ரைவ் மேல ரைட் க்ளிக், ஷ்ரிங்க் வால்யூம். உபுண்டு குறைஞ்சது 25 ஜிபி கேட்கும், ஆனா ப்ரோக்ராமிங் படிக்கிறவருக்கு அது பத்தாது, 100 ஜிபி விடுங்க. ட்ரைவ்ல 200 ஜிபி காலியா இருந்தும் 20 ஜிபிதான் குறைக்க முடியும்னு சில நேரம் அடம்பிடிக்கும், ஏன்னா ஹைபர்னேஷன் ஃபைல், பேஜ் ஃபைல் மாதிரி நகர்த்த முடியாத ஃபைல்கள் கடைசில போய் உக்காந்திருக்கும். அதையெல்லாம் தற்காலிகமா ஆஃப் பண்ணிட்டு ரீஸ்டார்ட் குடுத்து மறுபடி பாருங்க. குறைச்ச இடத்தை அப்படியே அன்அலோகேட்டடா விட்டுருங்க, புது ட்ரைவ் எதுவும் உருவாக்க வேணாம்.

இனி மிச்சம் சுலபம். 8 ஜிபி பென்டிரைவ்ல ரூஃபஸ்ங்கிற சாஃப்ட்வேரை வச்சு உபுண்டு ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் பண்ற ஃபைல்) ஏத்தி, லேப்டாப்பை ஆன் பண்றப்ப பூட் மெனு கீயை அழுத்துங்க (எஃப்12, எஃப்9, எஸ்கேப்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும்). உடனே இன்ஸ்டால் பண்ணாம ட்ரை உபுண்டுல போய் வைஃபை, டச்பேட், சவுண்ட் எல்லாம் வேலை செய்யுதான்னு பாத்துக்குங்க. இன்ஸ்டாலர்ல விண்டோஸ் கூடவே இன்ஸ்டால் பண்ற ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்க. எரேஸ் டிஸ்க்னு இருக்குறதைத் தொட்டா விண்டோஸும் போயிடும், ஃபைலும் போயிடும். டிஸ்க்கே தெரியலன்னா பயாஸ்ல (லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ஸ்) டிஸ்க்கைக் கையாள்ற இன்டெல் ஆர்எஸ்டி முறை ஆன்ல இருக்கும், அதை எடுத்த எடுப்புல ஏஹெச்சிஐங்கிற இன்னொரு முறைக்கு மாத்தாதீங்க, விண்டோஸ் பூட் ஆகாது. விண்டோஸை சேஃப் மோடுல பூட் ஆகுற மாதிரி செட் பண்ணிட்டு அப்புறம் மாத்தணும்.

போட்ட பிறகு விண்டோஸ்ல கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி ஓடும், சாயங்காலம் 6 மணிக்கு மதியம் 12.30னு காட்டும். பேட்டரி போச்சோன்னு பயப்படாதீங்க. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்துல உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே நம்ம ஊர் நேரம்னு எடுத்துக்கும், அந்த வித்தியாசம்தான். லினக்ஸ் டெர்மினல்ல ஒரு கமாண்ட் குடுத்து உள்ளூர் நேரத்துக்கு மாத்திட்டா சரியாயிடும்.

அந்தப் பென்டிரைவை அழிச்சிராதீங்க. 2024 ஆகஸ்ட்ல வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டால டூயல் பூட் போட்டிருந்த பல பேருக்கு லினக்ஸ் பூட் ஆகாமப் போச்சு, முழுசா சரியாக 2025 மே ஆயிடுச்சு. அந்த மாதிரி நேரத்துல சரிபண்ண அதுதான் கைகொடுக்கும்.

கேள்வி: ஸ்கூல்ல அரசு குடுத்த பழைய லேப்டாப், 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. இதுலயும் ரெண்டும் போடலாமா?
(தேனி வாசகி)

பதில்: அந்தத் திட்டத்துல வந்த நிறைய லேப்டாப்ல ஆரம்பத்துலயே விண்டோஸோட பாஸ் (BOSS) லினக்ஸும் சேர்ந்துதான் வந்துச்சு, மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் உருவாக்குனது. ஆனா இப்ப உங்களுக்கு டூயல் பூட் வேணாம்மா. விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, அவ்ளோ பழைய மெஷின் விண்டோஸ் 11க்குத் தகுதி ஆகாது. ஃபைல்களைக் காப்பி எடுத்துட்டு லினக்ஸ் மின்ட்டோட லேசான வகையான எக்ஸ்எஃப்சிஇ மட்டும் போடுங்க, ப்ரவுசிங், டைப்பிங், வீடியோவுக்கு நல்லாவே ஓடும்.

கேள்வி: டூயல் பூட்ல இருந்து லினக்ஸை மட்டும் எடுக்கணும், பார்ட்டிஷனை அழிச்சா போதுமா?
(மதுரை வாசகர்)

பதில்: அழிக்கிறது கடைசி வேலை. முதல்ல பயாஸ்ல விண்டோஸ் பூட் மேனேஜரை மேல ஏத்தி வச்சு, க்ரப் மெனு (எந்த ஓஎஸ் வேணும்னு கேட்குற ஸ்க்ரீன்) வராம நேரா விண்டோஸ் வருதான்னு பாருங்க. வந்தா டிஸ்க் மேனேஜ்மென்ட்ல லினக்ஸ் பார்ட்டிஷனை டெலீட் பண்ணி, சி ட்ரைவ் அதுக்குப் பக்கத்துலயே இருந்தா எக்ஸ்டெண்ட் பண்ணிக்கலாம். இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்னு குட்டியா ஒண்ணு இருக்கும், அதுல கை வைக்காதீங்க, விண்டோஸ் பூட் ஆகுறதே அதுலருந்துதான்.