பழைய கார் ரிப்போர்ட்டில் தகராறா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஓசூர் தாண்டினால் பெங்களூரு. அதனால் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கைமாறும் பழைய கார்களில் கர்நாடக வண்டி நிறைய. விற்கிறவர் போனிலேயே ஒரு ஹிஸ்டரி ரிப்போர்ட், அதாவது வண்டியின் பழைய கதையைச் சொல்லும் அறிக்கை, அனுப்பிவிடுகிறார். வாங்கிய பிறகுதான் சண்டை வருகிறது. காப்பீட்டு சர்வேயராக வேலை பார்த்தவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

காரிமங்கலம்: அண்ணா, ரிப்போர்ட்டில் 'விபத்து இல்லை' என்று இருந்தது. இப்போது மெக்கானிக், பின்பக்கப் பில்லரில் வெல்டிங் இருக்கிறது என்கிறார். ரிப்போர்ட் பொய்யா தம்பிக்குச் சொல்லுங்கள்.

பொய் என்று உடனே சொல்ல முடியாது, தம்பி. அரசின் வாகன் பதிவேட்டில் விபத்துக்கென்று ஒரு கட்டமே கிடையாது. பதிவு, உரிமையாளர், கடன், காப்பீடு, எஃப்சி (தகுதிச் சான்று), இவைதான் அதில் இருக்கும். விபத்து பற்றிய தகவல் காப்பீட்டு க்ளைமில் இருந்தோ ஷோரூம் சர்வீஸ் பதிவில் இருந்தோதான் வர வேண்டும். இடித்தவர் க்ளைம் போடாமல், வெளிப் பட்டறையில் கைக்காசு கொடுத்து டிங்கரிங் பார்த்திருந்தால் எந்த ரிப்போர்ட்டிலும் ஏறாது. 'விபத்து இல்லை' என்று அச்சடிப்பதே தவறு, 'எங்களுக்குப் பதிவு கிடைக்கவில்லை' என்றுதான் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி வாங்கும்போது விற்பவரின் பழைய பாலிசிகளைக் கேளுங்கள். அதில் என்சிபி, அதாவது க்ளைம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியின் சதவீதம் இருக்கும். க்ளைம் இல்லாமல் ஓட்டினால் முதல் வருடத்துக்கு அப்புறம் 20, பிறகு 25, 35, 45, கடைசியாக 50 என்று ஏறும். க்ளைம் போட்டால் சுழியத்துக்கு இறங்கிவிடும். ஐந்து வருடம் ஒரே ஆள் ஓட்டிய காரில் என்சிபி சுழியம் என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். ஆனால் என்சிபி ஆளைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்தது அல்ல. பழைய வண்டியின் என்சிபியை இதற்கு மாற்றிக்கொண்டவரும் உண்டு, பாலிசி 90 நாளுக்கு மேல் விட்டுப்போய் இழந்தவரும் உண்டு. அதனால் இதை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல.

ஊத்தங்கரை: 2024 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஊரில் எத்தனையோ வண்டிகள் அடித்துக்கொண்டு போயின. அப்படிப்பட்ட கார் ரிப்போர்ட்டில் தெரியுமா?

பல நேரம் தெரியாது. ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் டோட்டல் லாஸ் (முழு நஷ்டம்) என்று பணம் கொடுத்து முடிப்பார்கள். இனி ஓடாது என்ற வண்டியின் ஆர்சியை 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் சொல்லி ரத்து செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. அப்படிச் செய்யாமல் ஆர்சியோடு வண்டி கைமாறி, சரிசெய்து விற்பனைக்கு வந்தால் பதிவேட்டில் 'ஆக்டிவ்' என்றே காட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை பாருங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பித் தடத்தில் துரு, டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் இணைப்பில் பச்சைப் பூச்சு, இவையெல்லாம் எந்த ரிப்போர்ட்டையும் விட நம்பத்தக்க சாட்சி.

ஓசூர்: டிஎன் 70 நம்பர் போட்டுப் பார்த்தால் ஒரே ஓனர். ஆனால் பெங்களூருவில் இரண்டு பேர் ஓட்டிய வண்டியாம்.

மாநிலம் மாறி மறுபதிவு செய்தால் நம்பரே மாறிவிடும். புது நம்பரை மட்டும் தட்டினால் பழைய கதை வராமல் போகலாம். பழைய கேஏ நம்பரையும் சேசிஸ் நம்பரையும் வாங்கி இரண்டையும் தேடுங்கள். அங்கே பாக்கி அபராதம் உண்டா என்று பெங்களூரு போக்குவரத்துப் போலீஸ் தளத்திலும் பாருங்கள்.

பாலக்கோடு: நான் விற்கிறவன். போடாத க்ளைம் ஒன்று என் காரின் ரிப்போர்ட்டில் இருக்கிறது. வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார்.

ரிப்போர்ட் கம்பெனியோடு மட்டும் மல்லுக்கட்டாதீர்கள், அவர்கள் மற்றவர்களிடம் தகவல் வாங்கி ஒட்டுகிறவர்கள். தவறு பிறந்த இடம் காப்பீட்டுக் கம்பெனி. பதிவு எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் இன்னொருவர் க்ளைம் உங்கள் வண்டியில் ஏறும். அந்தக் காப்பீட்டுக் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு பாலிசி எண், சேசிஸ் எண்ணோடு எழுதி, 'இந்த வண்டிக்கு இத்தனை க்ளைம்' என்று கடிதம் வாங்குங்கள். பதில் வராவிட்டால் காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகார் போடலாம். கடிதம் கையில் வந்ததும் ரிப்போர்ட் கம்பெனிக்கு அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். வாங்குகிறவரிடமும் அதையே காட்டுங்கள், அவர் சந்தேகப்படுவது நியாயம்தான்.

அரூர்: சர்வீஸ் வரலாற்றில் 41,000, அடுத்தது 94,000, அதற்கடுத்து 52,000 கி.மீ. மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா?

நடுவில் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தட்டச்சுப் பிழை. 49,000 தான் 94,000 ஆகியிருக்கும். அந்த சர்வீஸின் பில்லைக் கேளுங்கள், தெரிந்துவிடும். ஆனால் எண் ஒரு தடவை இறங்கி, அங்கிருந்தே தொடர்ந்து ஏறினால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள், இல்லை மீட்டரையே மாற்றியிருக்கிறார்கள். மாற்றியிருந்தால் அதற்கும் பில் இருக்க வேண்டும். டி போர்டில் (வாடகை வண்டியாக) ஓடி சொந்த போர்டுக்கு மாறிய வண்டியா என்பதையும் ஆர்டிஓ பதிவில் பார்த்துவிடுங்கள்.

தருமபுரி: கார் கன்சல்டிங்கில் (பழைய கார் வியாபாரியிடம்) 4 லட்சத்துக்கு வாங்கினேன். அவர் 'ரிப்போர்ட் தப்புன்னா நான் என்ன பண்றது' என்கிறார்.

அவர் அந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தானே விற்றார்? அப்படியென்றால் பொறுப்பு அவருக்கும் உண்டு. வாட்ஸ்அப் செய்தி, விளம்பரம், ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, அதற்குப் பிறகு நோட்டீஸ் அனுப்புங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரிப்போர்ட்டுக்கு நீங்களே காசு கட்டியிருந்தால் அந்தக் கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். தனி ஆளிடம் நேராக வாங்கியவர்களுக்கு இந்த வழி கிடையாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

பென்னாகரம்: போன வருடம் விற்ற கார் இன்னும் என் பேரிலேயே காட்டுகிறது. ரிப்போர்ட் பிழையா அண்ணா?

ரிப்போர்ட் சரியாகத்தான் சொல்கிறது. வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. பதிவில் யார் பெயரோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கியவரைப் பிடித்து 29, 30 படிவங்களை ஆர்டிஓ ஆபீசில் கொடுக்க வையுங்கள். மறுத்தால், விற்ற தேதியும் ரசீதும் வைத்து ஆர்டிஓவுக்குப் பதிவுத் தபாலில் எழுதி, போலீசிலும் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.